நகரசபையிலிருந்து மாகாண ஆட்சி வரை
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் அரசியல் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் கட்சி பேச வரவில்லை. ஓர் ஊரின் நகரசபையில் தொடங்கி மாகாணம் முழுவதையும் ஆண்ட ஒருவரின் வாழ்வில் நமக்கொரு பாடம் உண்டு. அவர் மூதறிஞர் இராஜாஜி.

1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அவர், சேலத்தில் வழக்கறிஞரானார். 1911-இல் நகரசபை உறுப்பினர். 1917 முதல் 1919 வரை அதன் தலைவர். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து முதன்முதலாக ஒருவர் அச்சபையில் உறுப்பினராக வரத் துணை நின்றார். அதே சேலத்தில், 1916-இல், விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கமும் கண்டார். அந்நாளில் ஈரோட்டு நகரசபைத் தலைவராயிருந்த பெரியார் அவருடைய நண்பர்.

பின்னர் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார், சிறை சென்றார், 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளினார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். தாம் அறிந்த சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார். கடனில் மூழ்கிய விவசாயிக்கு 1938-இல் கடன் நிவாரணச் சட்டம் தந்தார். இவற்றையெல்லாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் அதே 1938-இல், 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். மக்கள் கொதித்தெழுந்தனர். பழைய நண்பர் பெரியார் உள்ளிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-இல் சிறைக்காவலில் இருந்தபோதே உயிர் நீத்தனர். தமிழில் விஞ்ஞானம் வளர்க்கச் சங்கம் கண்டவரா தமிழ் மக்களின் குரலைக் கேளாதிருந்தார் என்று நாம் வியக்கிறோம்.

1952-இல் மீண்டும் முதலமைச்சரானார். 1953-இல், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயிலவேண்டும் என்ற திட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றனர். 1954-இல் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். 1937-இல் இராஜாஜி சட்டசபைக்கு வந்தது பட்டதாரிகள் வாக்களித்த பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து. 1952-இல் வந்தது நியமனத்தால், மேலவைக்கு. காமராசரோ முதலமைச்சரான பிறகும் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தார். நாற்காலி உயர உயரத் தெருவின் குரல் மெலிந்துதான் கேட்கும். அறிவிலோ நேர்மையிலோ குறையில்லாத ஒருவருக்கே அது நேர்ந்ததென்றால், மற்றவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆயினும் அவர் பிடிவாதத்திலேயே நின்றுவிடவில்லை. 1960-களில் இந்தித் திணிப்பை எதிர்த்து உரத்த குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1972-இல் மறையும்வரை சிந்திப்பதை நிறுத்தவில்லை. தவற்றிலிருந்து திரும்புவதும் ஒரு பெருமைதானே!

நம்மிடையேயும் வார்டு உறுப்பினர்கள் எழலாம். நாளை சட்டமன்றம் செல்லலாம். அவர்களுக்கு மாலை போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. குழாயில் தண்ணீர் வராதபோது அவர் வீட்டுக் கதவைத் தட்டிய அதே உரிமையோடு, அவர் கோட்டைக்குப் போன பிறகும் தட்டுவோம். தட்டுவது நம் பொறுப்பு. திறப்பது அவர் பொறுப்பு.