சைக்கிளைச் சுமக்கும் மின்சாரக் கார்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு காலத்திற் சைக்கிள் சுமக்காத பொருள் இல்லை எனலாம். 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்டபோது, சந்தைக்குப் போன மரக்கறி மூடைகளையும், விறகுக் கட்டுகளையும், வைத்தியசாலைக்குச் சென்ற நோயாளரையும் சைக்கிளின் கரியலே தாங்கியது. மின்சாரமற்ற அவ்விரவுகளிற் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்ட குடும்பங்கள் பல. அன்று சைக்கிள் மின்சாரம் தந்தது. இன்று மின்சாரக் கார் சைக்கிளைச் சுமக்கிறது.

கார் இருக்கச் சைக்கிள் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். விடை குறிகட்டுவான் துறையில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாக அத்துறையை அடைவது 40 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணம். கார் அங்கே நின்றுவிடும். சைக்கிளோ படகில் ஏறி நெடுந்தீவுக்குச் செல்லும். கல்வேலிகளுக்கு இடையேயுள்ள ஒழுங்கைகளிலும் ஓடும்.

ஆயினும், சிறிய மின்சாரக் காரிற் சைக்கிளை ஏற்றுவோர் ஒரு கணக்கை மறத்தலாகாது. ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளாக இலங்கைக்கு வந்த நிசான் லீஃப் கார்களுள், முதலில் வெளியானவற்றின் மின்கலம் 24 கிலோவாற்று மணிக் கொள்ளளவு உடையது. வயது ஏற ஏறவும், வெப்பத்தினாலும் அக்கொள்ளளவு சுருங்கும். எஞ்சிய சத்தியை உண்பவை இரண்டு: ஒன்று பாரம், மற்றது காற்று. இரண்டு சைக்கிள்களின் பாரம் வளர்ந்த ஓர் ஆளின் பாரத்துக்கு மேற்படாது, குடாநாடோ சமதரை. ஆகவே இங்கே பாரத்திலும் காற்றே பெரும் பகை. வேகம் இரு மடங்கானாற் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கூரைமேல் நிமிர்ந்து நிற்கும் சைக்கிள் அவ்வெதிர்ப்பை மேலும் கூட்டும்.

எனவே, பின்னாசனத்தை மடித்து, முன்சில்லைக் கழற்றிச் சைக்கிளை உள்ளே வைப்பதே சாலச் சிறந்தது. இரண்டாயின் பின்புறத் தாங்கி நன்று. கூரையும் பின்கதவும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை வண்டியின் கைந்நூலிற் பார்த்தறிதல் வேண்டும். கூரையிற் பாரம் ஏற்றலாகாத வண்டிகளும் உண்டு. பின்விளக்கும் இலக்கத்தகடும் மறைதலாகாது. சிறிது தூரம் சென்றபின் நிறுத்திக் கட்டுகளை இறுக்குதல் நலம்.

காற்றின் திசையும் கருதற்பாலது. குறிகட்டுவான் தென்மேற்கே இருப்பதால், சோளகக் காற்றுக் காலத்திற் போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அது துணைக்காற்று. வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். போவதற்குச் செலவான அளவே திரும்புவதற்கும் போதும் என்று எண்ணியவர், கடல் நடுவேயுள்ள தாம்போதியில் இரவில் நிற்க நேரிடலாம். ஆதலால், முதலிற் கோப்பாய்வரை சைக்கிள்களுடன் ஓடிப் பார்த்துச் செலவை அறிந்துகொண்டு, பின்னர் தூரப்பயணம் புறப்படுவதே அறிவுடைமை.

அன்று டைனமோவைச் சுழற்றியவர் கை ஓய்ந்தால் வானொலியும் ஓய்ந்துவிடும். அதனால் அவர் மின்சாரத்தின் அருமையைத் தம் தோளினால் அறிந்திருந்தார். அந்த அறிவு இன்று காரோட்டுவோருக்கும் வாய்க்குமாயின், சைக்கிளும் காரும் ஒன்றுக்கொன்று நல்ல துணையாகும்.