எட்டயபுரத்தில் ஒலித்த வயலின்



எட்டயபுரம் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவோர் உமறுப் புலவரும் பாரதியாரும் ஆவர். அவ்வூர் அரண்மனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயலின் இசைத்த பாலுசாமி தீட்சிதரை நம் மாணவர் அறியார். 1986 வரை நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் அது. ஆதலின் அவரைப் பற்றி இங்கே பேசுவது நமக்குக் கடமை.

அவர் பிறந்தது 1786-இல். நெல்லைக் காந்திமதியம்மை மேல் வடமொழியில் பாடிய முத்துசாமி தீட்சிதர் அவருடைய தமையனார். சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பமொன்று இவர்களைப் புரந்தது. கும்பினியாரோடு தொடர்புடைய குடும்பமாதலின் கோட்டையில் ஆங்கிலேயர் இசைக்குழுவைக் கேட்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிட்டியது. தமையனார் அம்மெட்டுகளை அப்படியே எடுத்து அவற்றில் வடமொழிச் சொற்களைப் பெய்தார், அவையே நோட்டுசுரங்கள். தம்பியோ ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டு வயலின் பயின்று, அக்கருவியில் நம் பண்களை இசைத்தார். நம் இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முதல்வர் இவரே என்பர். தஞ்சை வராகப்பையரை முன்னிறுத்துவாரும் உளர். அவ்வழக்கில் நான் புகவில்லை.

இக்கருவிக்கு 'வில்யாழ்' என்று பெயரிடலாம் என்பர் நண்பர் சிலர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் கையில் வரும் வில்யாழ் வேறு. அங்கே வில்லே யாழாயிற்று; இங்கே வில் நரம்பை உரசுகிறது. பெயரை விடக் கருவி எவ்வாறு நம்முடையதாயிற்று என்பதே எண்ணத் தக்கது.

மேலை நாட்டார் நான்கு நரம்புகளையும் ஒவ்வொன்றும் முன்னதற்கு ஐந்தாம் சுரமாக அமையக் கூட்டுவர். நம்மவர் மெலிவில் குரலும் இளியும், சமனில் குரலும் இளியுமாகக் கூட்டினர். அவர்கள் அதனைத் தோளுக்கும் தாடைக்கும் இடையில் இடுக்குவர். நம்மவர் தரையில் அமர்ந்து ஒரு முனையை மார்பருகே சார்த்தி, மறு முனையை வலக் கணுக்காலில் ஊன்றினர். தாங்கும் சுமை நீங்கிய இடக்கை நரம்பின்மேல் வழுக்கி ஓடலாயிற்று. வீணைக்குள்ள மெட்டுகளும் இதில் இல்லை. ஆதலின் மிடற்றின் குழைவு முழுவதும் நரம்பில் வந்தது. பண் வளையவில்லை, கருவிதான் வளைந்தது. இவை அனைத்தும் ஒருவர் செய்தன அல்ல, தலைமுறைகளின் உழைப்பு. முத்துசாமி தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை வடிவேலு அவ்வழியில் சிறந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை வழங்கினார்.

1824-இல் பாலுசாமி எட்டயபுரத்து அரண்மனைக் கலைஞரானார். தம்பியைத் தேடி வந்த தமையனார் 1835-இல் அங்கேயே மறைந்தார். தம்பி 1858 வரை அங்கு வாழ்ந்தார். மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதரை மகனாக ஏற்று இசை பயிற்றினார். அப்பேரனே 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை எட்டயபுரத்திலேயே அச்சிட்டவர். முத்துசாமி தீட்சிதர் பாட்டுகள் 200-க்கு மேல் சுரக் குறிப்புடன் அதில் உள்ளன. அந்நூல் இல்லையேல் அவற்றுட் பல மறைந்தே போயிருக்கும்.

ஆனால் அந்நூல் தெலுங்கு எழுத்தில் வந்தது! கரிசல் மண்ணில் அச்சான நூலைக் கரிசல் மண்ணின் பிள்ளை படிக்க இயலவில்லை. அயல்நாட்டுக் கருவி நமக்கேற்ப நரம்பை மாற்றிக்கொண்டது. நம் ஊர் நூல் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இசை நூலுக்குத் தெலுங்கே உரியது என்ற அக்கால வழக்கம் ஒருபுறம். பாட்டின் பொருளில் தோய்ந்து சுரத்தைக் கைவிட்ட தமிழ்ப் புலவரின் ஒதுக்கம் மறுபுறம். நூலாசிரியரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. தமிழில் இயலாதது என்று மட்டும் எவரும் சொல்லற்க. தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் பதின்மூன்றே ஆண்டுகளில், 1917-இல், 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைப் பெருநூலைத் தமிழிலேயே தந்தார். சுப்பராம தீட்சிதர் நூலோ 1961 முதல்தான் சென்னை மியூசிக் அகாடமி வாயிலாகத் தமிழில் பகுதி பகுதியாக வந்தது.

சுப்பராம தீட்சிதர் 1906-இல் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா பாடினார். பொருள் விளங்காத பாட்டுகளையே மேடையில் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கடிந்து எழுதியவரும் அவரே. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதரின் நினைவிடம் இருக்கிறது. பாரதியார் பிறந்த இல்லம் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்களே, அங்கும் சிறிது நேரம் நில்லுங்கள். தமையன் பெயரோடு தம்பியின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு வயலினும் கையில் இருந்தால் இன்னும் நன்று.