யாருக்கு மூளை, யாருக்குக் கால்?

அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து இல்லை. அங்கே பந்து பெரும்பாலும் கையில்தான். ஆட்டத்தை யோசித்து நடத்துபவர் குவாட்டர்பேக். கறுப்பர்களுக்கு ஓட வரும், யோசிக்க வராது என்று அந்த இடத்தை நெடுங்காலம் வெள்ளையருக்கே வைத்திருந்தார்கள். வாரன் மூன் 1978இல் கனடா போய்த்தான் குவாட்டர்பேக்காக ஆட முடிந்தது.

பழைய கதை என்பீர்கள். லமார் ஜாக்சன் 2016இல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மனை வென்றவர். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2018இல் வந்தபோது, அணி நிர்வாகத்தில் பழுத்த பில் போலியன், இவர் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறட்டும் என்றார். மாறவில்லை. வீரர்களை அளந்து பார்க்கும் முகாமில் 40 கெஜ ஓட்டம்கூட ஓடவில்லை. நான்கு வெள்ளைக் குவாட்டர்பேக்குகளுக்குப் பிறகு, 32ஆவதாக எடுத்தார்கள். 2019இல் மிகச் சிறந்த வீரர் விருது. 50 வாக்குகளும் அவருக்கே. போலியன் தவறை ஒப்புக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவர் ஓடாததுதான். ஆய்வுச் சேர்க்கை நேர்காணலில் ஒரு பேராசிரியர், "சேரியிலிருந்து வருகிறீர்கள், களப்பணிக்குப் பொருத்தமானவர், கோட்பாடு எதற்கு?" என்றார். பாராட்டுவதாகவே நினைத்தார். அதே கோட்பாட்டுத் தலைப்பை மறுபடியும் எழுதிக் கொடுத்தேன்.