உறுதியில் இல்லாத பெயர்

பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் இருந்து வந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, இளைஞர்களே! வீடில்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் பேச முடியாத மண் இந்தக் கிழக்கிலங்கை. மகள் பிறந்த வீட்டில் கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. இந்தக் கரையின் முக்குவர் சமூகத்தில் தாய்வழியில் முதுசம் இறங்கிய வழமையைச் சி. பிரிட்டோ 1876இல் நூலாக்கி அச்சிட்டார். ஆனால் அதே 1876இல் வந்த 15ஆம் இலக்க விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்த வழமை நீதிமன்றத்தில் செல்லாக்காசாகிவிட்டது. வடக்கே தேசவழமை என்ற வழமைச் சட்டம் எஞ்சியது. கிழக்குத் தமிழருக்கு எஞ்சியது நாட்டின் பொதுச் சட்டம் மட்டும். ஊரில் ஒரு முறை, கோட்டில் வேறொரு முறை. நான் பேச வந்தது இந்த இடைவெளியில் விழுகிற பெண்களைப் பற்றி.

“எங்கட பெண்களுக்குச் சீதன வீடு இருக்கு, பிறகென்ன பிரச்சினை?” என்று கேட்பவர்கள் இருக்கிறீர்கள். உறுதி அவள் பெயரில் நொத்தாரிசு முன் எழுதப்பட்டிருந்தால் உண்மையிலேயே பிரச்சினை குறைவு. ஆனால் இந்தக் கரையில் எத்தனை வீடுகள் தனியார் உறுதிக் காணியில் நிற்கின்றன? அரச காணியில், பெர்மிட்டின் மேல் நிற்பவை ஏராளம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் தாய் மகளுக்குக் கொடுத்த வீடுகள் ஒரு காலையில் இல்லாமல் போயின. புதிய வீடு கொடுக்க வந்த நிர்வாகம் முதலில் கேட்ட கேள்வி: குடும்பத் தலைவர் யார்? விடையாகக் கணவன் பெயர் எழுதப்பட்டது. மனைவியின் வளவில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கணவன் பெயரில் வீடு வந்தது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன, இருவர் பெயரிலும் கொடுங்கள் என்றன. அரச காணிப் பத்திரத்தில் இரண்டு பெயருக்கு இடமில்லை என்று பதில் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் கை மாறிவிட்டது. யாரும் திருடவில்லை, ஆனால் பறிபோயிற்று.

குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. பிரிவு வந்ததும் தெரியும். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனச் சட்டம் அவளுடைய சொத்து அவளுக்கு, அவனுடையது அவனுக்கு என்றது. அந்தக் காலத்தில் அது பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிப்பு பார்ப்பது பத்திரத்தில் யார் பெயர் என்பதைத்தான். மனைவி குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்து அனுப்பிய காசில், கணவன் பெயர்ப் பெர்மிட் காணியில் வீடு எழுந்தால் அது யாருடையது? அனுப்பிய பற்றுச்சீட்டுகளை வைத்து வழக்காட அவளுக்கு வருடங்கள் வேண்டும். சமைத்தும் பிள்ளை வளர்த்தும் வீட்டை நிறுத்தியவளிடம் பற்றுச்சீட்டே இல்லை. விவாகரத்துத் தீர்ப்போடு ஒருவருடைய ஆதனத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கச் சொல்ல மாவட்ட நீதிமன்றத்துக்கு, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. நல்ல பிரிவுதான். ஆனால் அது வழக்கின் கடைசி நாளுக்கு உரியது. சோரமோ வேண்டுமென்றே கைவிட்டதோ நிரூபிக்கப்பட்டு அந்த நாள் வரும்போது, வீடு வேறு கைக்குப் போயிருக்கலாம். 2009க்குப் பிறகு ஹோட்டல்கள் எழுந்து காணி விலை ஏறிய பாசிக்குடாவில், வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டதே என்பார்கள் சட்டம் படித்தவர்கள். அந்த 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அடிக்கிறவனைக் கூட்டு வதிவிடத்துக்குள் வராதே என்று நீதவான் கட்டளையிடலாம், மனைவி கதியற்றுப்போகும்படி வீட்டை விற்காதே என்றும் சொல்லலாம். ஆனால் வன்முறை நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்கக்கூடும் என்று காட்ட வேண்டும். கட்டளை பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கே பிறப்பிக்கப்படும். கை ஓங்காமல், சத்தமில்லாமல் வேறொருத்தியோடு போய்விட்டு வீட்டை விற்கிறவனை அது என்ன செய்யும்? இன்னொரு வினோதத்தையும் கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெர்மிட்காரர் இறந்தால் பின்னுரிமையாளராகப் பெயர் குறிக்கப்படாத மனைவிக்கும் அந்தக் காணியில் உரிமை உண்டு. மூத்த மகனுக்கே முதலிடம் என்று இருந்த வாரிசு வரிசையையும் 2022இல் திருத்தினார்கள். கணவன் செத்தால் வீடு உண்டு, கணவன் விட்டுப்போனால் இல்லை! விதவைக்கு இரங்கத் தெரிந்த சட்டத்துக்குக் கைவிடப்பட்டவளைத் தெரியவில்லை.

இருவருக்கும் உரிமை என்றால் சீதன வீட்டில் மாப்பிள்ளையும் பாதி கேட்பாரே என்று தாய்மார் அஞ்சுவது நியாயமான அச்சம், இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். அதனால்தான் உரித்தையும் குடியிருப்பையும் பிரித்துப் பேச வேண்டும் என்கிறேன். பெற்றோர் மகளுக்குக் கொடுத்தது மகளுடையது, பங்கு பிரிக்கக் கூடாது. ஆனால் குடும்பமாக வாழ்ந்த வீட்டில், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை மற்றவரை வெளியேற்ற முடியாது என்பது இரு பக்கத்துக்கும் பொருந்தட்டும். வன்முறை செய்தவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு வேண்டாம். அந்த வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ இருவர் கையெழுத்தும் வேண்டும். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட மனைவியின் குடியிருப்பு உரிமை, வீட்டை அடகு பிடித்த வங்கியைக் கட்டுப்படுத்தாது என்று 1965இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இரண்டே வருடத்தில், 1967இல், பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அவளுக்குக் குடியிருப்பு உரிமை கொடுத்தது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்குக் கொடுத்தது. கணவனின் உறவினர் பெயரில் உள்ள வீட்டையும் அதில் சேர்க்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய குறுகிய தீர்ப்பை மாற்றியது. இப்படிச் சட்டம் வந்தால் குடும்பங்கள் உடையும் என்று கத்துபவர்கள் இருப்பார்கள். குடும்பத்தை உடைப்பது சட்டம் அல்ல. உடைந்த பிறகு பிள்ளைகள் எந்தக் கூரையின் கீழ்ப் படுப்பார்கள் என்பதைத்தான் சட்டம் சொல்கிறது. வெயிலில் உழைத்துக் கட்டிய ஆண் தெருவுக்கு வரவேண்டுமா என்று கேட்கும் தம்பிமாரே, உங்கள் உழைப்பை யாரும் பறிக்கவில்லை. இரண்டு கையெழுத்தில்லாமல் விற்க, அடகு வைக்க முடியாது என்றால் உங்களுக்குத் தெரியாமலும் வீடு போகாது.

ஆகவே பாராளுமன்றத்துக்குப் போகிறவர்களிடம் இரண்டு கையெழுத்தையும் இந்தக் குடியிருப்பு உரிமையையும் கேளுங்கள். அது வருவதற்குக் காத்திருக்காமல் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள்: இனி வழங்கும் வீட்டுப் பட்டியலில் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டம் வேண்டாம், இரண்டு பெயர் எழுத இடம் வேண்டும். சட்டம் ஒரு பெயரைத்தான் ஏற்கும் என்று மீண்டும் சொன்னால், கிழக்கில் அந்த ஒரு பெயர் ஏன் பெண்ணுடையதாக இருக்கக் கூடாது என்று கேளுங்கள்.