எண்ணெய் எங்கே போகிறது?



விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், அவசரத்திற்கு மருத்துவமனைக்கு ஓடுவதும் நம்மில் பலருக்கு மோட்டார் சைக்கிளில்தான். 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த கப்சாய் வண்டிகள் சிக்கனத்திற்குப் பேர்போனவை. அத்தகைய வண்டி என்ஜின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை இன்று பார்ப்போம்.

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிவது இயல்பு. நாம் பேசுவது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைப் பற்றி. பல கப்சாய் வண்டிகள் கொள்ளும் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. அதில் 200 மில்லிலிட்டர் போனால் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. அந்த நிலையில் தைப்பூசத்திற்கு இருவர் ஏறிக்கொண்டு பத்துமலைவரை வேகமாக ஓட்டினால் என்ன ஆகும்? எண்ணெய் வற்றிய பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிக்கொள்ளக்கூடும். ஓடும்போதே பின்சக்கரம் நின்று ஆளைக் கீழே தள்ளக்கூடும்.

முதலில் சரியாக அளப்போம். சமதரையில் வண்டியை நடுத்தாங்கியில் நிமிர்த்தி நிறுத்தி, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து அளவுக்கம்பியைப் பார்க்க வேண்டும். கப் வகை வண்டிகளில் கம்பியைத் திருகாமல் செருகியே அளப்பது வழக்கம். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டைப் பார்ப்பது நல்லது. மேல்கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. மிகுந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குப் போய்விடும்.

அடுத்து, எண்ணெய் வெளியே ஒழுகுகிறதா என்று பார்ப்போம். என்ஜினைத் துடைத்து, இரவு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் உண்மை தெரியும். வடிகால் திருகாணியின் வளையமோ, மூடியின் ரப்பரோ கெட்டிருந்தால் செலவு சொற்பம்.

ஒழுகல் இல்லையென்றால் எண்ணெய் உள்ளே எரிகிறது. புகைக்குழாயைக் கவனிப்போம். குளிர்ந்த காலையில் வந்து உடனே மறையும் வெண்மை வெறும் நீராவி, அஞ்ச வேண்டாம். நீலப்புகைதான் எண்ணெய். வண்டியைக் கிளப்பும்போதும், இறக்கத்தில் விசையைத் தளர்த்தி மீண்டும் முறுக்கும்போதும் மட்டும் வந்தால், வால்வு ரப்பர் சீல் மீது சந்தேகம். மேட்டில் ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம்.

பட்டறையில் உடனே என்ஜினைப் பிரிக்கச் சொல்லாமல், அழுத்தத்தை அளக்கச் சொல்வோம். அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் குறை வளையத்திலோ சிலிண்டரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். சீல் மாற்றினால் போதுமென்ற இடத்தில் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டால், வீட்டுச் செலவுக்கு வைத்த பணமல்லவா வீணாகும்?

ஆகவே, ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். வாரந்தோறும் ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய எண்ணெயையும் நம் பிள்ளைகளையே எழுதச் சொல்வோம். வாரத்துக்கு வாரம் கணக்கு ஏறினால் பட்டறைக்குப் போக வேளை வந்துவிட்டது. அதுவரை மேல்கோட்டுக்குக் குறையாமல் ஊற்றி, நெடும்பயணத்தைத் தள்ளிவைப்போம்.