நட்சத்திர மண்டலங்கள் பெருத்த கதை

மல்லேசுவரத்தில் வசிக்கும் அன்பர்கள் 'பஞ்சவடி' என்னும் இல்லத்தை அறிந்திருக்கலாம். ஸர் சி. வி. ராமன் வாழ்ந்த வீடு அது. அவருடைய தமையனாரின் புதல்வரே வானியல் மேதை சந்திரசேகர். அவர் போட்ட கணக்கு ஒன்று இன்றைய பேச்சுக்கு அவசியம். ஆகவே உறவுமுறை சொல்லித் தொடங்குகிறேன்.

2008-ஆம் ஆண்டில் பீட்டர் வான் டோக்கமும் அவர் கூட்டாளிகளும் ஹப்புள் தொலைநோக்கியால் சில நட்சத்திர மண்டலங்களை அளந்தார்கள். சுமார் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றிலிருந்து புறப்பட்ட ஒளியே இப்போது நம்மை எட்டுகிறது. நமது பால்வீதியில் உள்ளதைவிட மிகுதியான நட்சத்திரப் பொருள் அவற்றில் இருந்தது; ஆயினும் ஒளியில் பாதி, நடுவிலிருந்து சுமார் 3,000 ஒளியாண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. அதே எடையுள்ள இக்காலத்து மண்டலங்களோ ஏறக்குறைய ஐந்து மடங்கு பரந்தவை. புது நட்சத்திரங்கள் பிறப்பதும் அவற்றில் பெரும்பாலும் நின்றுபோயிருந்தது. பின் எவ்வாறு பெருத்தன?

அண்டை அயலிலுள்ள சிறு மண்டலங்களை விழுங்கிப் பெருத்தன என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. சம எடையுள்ள இரண்டு மண்டலங்கள் கலந்தால், தோராயமாக எடையும் இருமடங்கு, அளவும் இருமடங்கு. அதனால் நெருக்கம் அவ்வளவாகத் தளராது. அதே எடை சிறு சிறு துண்டுகளாக வந்து சேர்ந்தால் அளவு நான்கு மடங்காகும். வந்த நட்சத்திரங்கள் வெளிப்புறத்திலேயே சிதறிவிட, பழைய கரு உள்ளே அப்படியே கிடக்கிறது. பிற்காலத்தில் தோன்றியவை பிறவியிலேயே பெரியவை. அதனாலும் சராசரி உயர்ந்தது என்று வாதிடுவோர் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது.

சுற்றிவரும் சிறு மண்டலம் ஏன் உள்ளே விழவேண்டும்? இங்கேதான் சந்திரசேகர் வருகிறார். தேர் நகர நகர அதன் பின்னே கூட்டம் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அக்கூட்டம் தேரைப் பின்னோக்கி இழுத்தால் எப்படியிருக்கும்? கனத்த பொருள் நட்சத்திரங்களினூடே செல்லும்போது, அதன் ஈர்ப்பினால் நட்சத்திரங்கள் பின்புறம் திரண்டு அதை இழுக்கின்றன. வேகம் குறைகிறது, பொருள் மையத்தை நோக்கி இறங்குகிறது. இதை அவர் 1943-இல், யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருந்தபோது வெளியிட்டார். அப்பொழுது அவர் கருதியது நட்சத்திரங்களின் இயக்கத்தை; மண்டலங்கள் ஒன்றையொன்று விழுங்குவதற்கு அது பயன்பட்டது பின்னாளில்.

விழுங்காமலே தங்கிவிட்டதும் ஒன்று உண்டு. பெர்சியஸ் கூட்டத்திலுள்ள என்.ஜி.சி. 1277 இன்றும் சிறுத்து, இறுகி இருக்கிறது. அக்கூட்டத்தில் மண்டலங்கள் மிக விரைந்து ஒன்றையொன்று கடந்துவிடுகின்றன. வேகம் மிகுந்தால் சந்திரசேகர் கண்ட அந்த இழுவை குறைந்துபோகும்.