வாரத்தில் ஒரு நாள் நின்றால்...

(மாத்தளை மாவட்டத் தோட்டமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையும் அப்படியே கிடக்க, இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் எங்கள் நன்றி. உங்களை நெடுநேரம் உட்கார வைக்க மாட்டோம். ஒரே ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு, அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பள்ளிக்கூடம் வாரத்தில் ஐந்து நாள். ஆரம்பப் பிரிவு, தரம் 1 முதல் தரம் 5 வரை, ஐந்து வருடம். ஒரு பிள்ளை வாரத்தில் ஒரு நாள் நின்றுவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. இப்படியே ஐந்து வருடமும் போனால் எவ்வளவு? முழுசாக ஒரு வருடம்! தரம் 5 முடித்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை, உண்மையில் நாலு வருடம்தான் படித்திருக்கும். "ஒரு நாள்தானே சார்" என்று நாம் சொல்லுகிற அந்த ஒரு நாளின் கணக்கு இதுதான்.

செக்ரோல் என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரு பேர் விழாமல் போனால் மாசக் கடைசியில் தெரிந்துவிடும். பிள்ளைக்குச் செக்ரோல் வகுப்பிலுள்ள வரவு இடாப்பு. அதில் பேர் விழாமல் போனால் மாசக் கடைசியில் தெரியாது. நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

வகுப்புக்குள் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு இன்னும் நன்றாக விளங்கும். நம்மில் பலபேர் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டதோடு சரி, உள்ளே போய்ப் பார்த்ததில்லை. மலைக்குப் போகிற அவசரம் அப்படி.

முதலாவது தமிழ்ப் பாடத்தை எடுப்போம். தமிழில் எழுத்து மொத்தம் 247. இவ்வளவையும் சின்னப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆயுதம் ஒன்று. மிச்சம் 216 உயிர்மெய். அவற்றை ஆசிரியர் குறிகளைக் கொண்டு சொல்லிக் கொடுக்கிறார். அரவு, விசிறி, கொம்பு என்று ஒவ்வொரு குறியாக வரும். ஒரு குறியைப் பிடித்துக்கொண்டால் பதினெட்டு எழுத்து ஒரேயடியாகக் கைக்கு வந்துவிடும். கொம்பு சொல்லிக் கொடுக்கிற அன்றைக்குப் பிள்ளை வீட்டில் நின்றுவிட்டது என்று வையுங்கள். கெ, செ, தெ, பெ என்று பதினெட்டு எழுத்தும் போச்சு. மறுநாள் புத்தகத்தில் செடி, தெரு, பெட்டி என்று வந்தால் பிள்ளை முழிக்கும். கொம்பும் அரவும் சேர்ந்தால்தான் 'கொ'. அப்படியானால் 'கொழுந்து' என்ற சொல்லையே அந்தப் பிள்ளையால் வாசிக்க முடியாது. நம் வீட்டுச் சோறு எந்தச் சொல்லில் இருந்து வருகிறதோ, அந்தச் சொல்!

அடுத்தது கணிதம். தரம் 3 வகுப்பிலே ஆசிரியர் தென்னோலை ஈர்க்குக் குச்சிகளைக் கொடுப்பார். திங்கட்கிழமை பத்துப் பத்தாக எண்ணிக் கட்டச் சொல்லுவார். செவ்வாய்க்கிழமை 27 என்றால் இரண்டு கட்டும் ஏழு தனிக்குச்சியும் என்று காட்டுவார். புதன்கிழமை 23உம் 14உம் கூட்டினால் 37. அது இலகு. வியாழக்கிழமை 27உம் 15உம் வரும். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அதில் பத்தை எடுத்து இன்னொரு கட்டாகக் கட்ட வேண்டும். இப்போது நாலு கட்டு, இரண்டு தனிக்குச்சி. விடை 42. வெள்ளிக்கிழமை கடை விளையாட்டு: ஒரு பிள்ளை முதலாளி, மற்றப் பிள்ளைகள் சாமான் வாங்குகிறவர்கள். இந்த ஐந்து நாளும் ஏணிப்படி மாதிரி. திங்கட்கிழமை வராத பிள்ளைக்கு வியாழக்கிழமை அந்தக் கட்டு எங்கிருந்து வந்தது என்றே விளங்காது. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து 42 என்று எழுதும். ஆசிரியர் சரி போடுவார். நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது.

சுற்றாடல் பாடமும் அப்படித்தான். சிரட்டையில் மண் போட்டுப் பாசிப்பயறு விதைப்பார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு தோல் வெடிக்கும், வேர் விடும், முளை நிமிரும். தினமும் வருகிற பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் வரையும். நடுவிலே நின்ற பிள்ளை முளைத்ததை மட்டும்தான் பார்க்கும். எப்படி முளைத்தது என்று பார்த்திருக்காது.

"என்ன சார், போனா ஆடுறாங்க பாடுறாங்க, எழுத்தே இல்ல" என்று சில தாய்மார் எங்களிடம் குறைப்படுகிறார்கள். 1999இல் நாடெங்கும் தரம் 1இல் புதிய முறை தொடங்கியபோது, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றும் கலந்துதான் சிறுபிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டுமென்று வைத்தார்கள். அதற்குப் பிறகும் பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டு வருகின்றன. ஆனாலும் சின்னப் பிள்ளை கையாலும் காலாலும்தான் படிக்கும் என்பது மாறவில்லை. பாட்டோடு வருகிற சொல் மறக்காது. அதனால் "இன்னைக்கு வெறும் வெளையாட்டுத்தானே, நில்லு" என்று சொல்லாதீர்கள்.

சரி, பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்? நாங்கள் லயம் லயமாகப் போய் விசாரித்ததில் கிடைத்த காரணங்கள் புதிதல்ல. சம்பளம் போட்ட மறுநாள் டவுனுக்குப் போகிறது. திருவிழா முடிந்த மறுநாள் அசதி. மிளகு, கராம்பு ஆய்கிற காலத்தில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறது. சப்பாத்து காயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்துகிறது. அந்த அக்காவுக்கே எட்டு வயதுதான்!

கைப்பிள்ளையைப் பார்க்கத்தான் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. மலைக்குப் போகிற வழியில் அங்கே விட்டுவிட்டுப் போங்கள். நேரம் ஒத்துவரவில்லை, பால் சரியில்லை, பார்க்கிறவர் போதாது என்று குறை இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். அதைச் சரிசெய்யத்தான் எங்களுக்குச் சம்பளம். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களும் வாருங்கள். சேர்ந்து போய் எடுப்போம். 2016இலிருந்து ஐந்து வயது தொடங்கிப் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். அது சட்டம். சட்டத்துக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்காக அனுப்புங்கள் என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

மழையும் மண்சரிவும் வந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னே 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். போனில் பாடம் என்றார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டும். அப்போது விட்ட எழுத்தைப் பிடிக்கப் பிள்ளைகள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். நம் கையில் இல்லாத நாட்கள் இப்படிப் போகும். அதனால்தான் நம் கையில் இருக்கிற நாட்களை விடக்கூடாது என்கிறோம்.

இந்தப் பள்ளிக்கூடம் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. நம் முன்னோர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. வந்தவர்களின் கடனைத் 'துண்டு' என்ற காகிதத்தில் எழுதினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அந்தக் காகிதத்தோடு போனார்கள். 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. 1920இல் வந்த கல்விச் சட்டம் தோட்டத்திலே பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. வைத்ததும் உண்டு, பேருக்கு வைத்ததும் உண்டு. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள் மட்டும் நீண்ட காலம் வெளியே நின்றன. 1977இலிருந்துதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசப் பாடப்புத்தகம் 1980இல் வந்தது. இலவசச் சீருடை 1993இல் வந்தது. அன்றைக்குத் துண்டை வாசிக்கத் தெரியாத குடும்பத்திலே, இன்றைக்கு ஒரு பிள்ளை அம்மாவின் சம்பளச் சீட்டை வாசித்து, "அம்மா, இந்த மாசம் ரெண்டு பேர் கொறையுது" என்று சொல்ல முடியுமென்றால், அது சின்ன விஷயமா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐந்து நாள் என்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும்தான். தூர இடத்திலிருந்து பஸ் மாறி, நடந்து வருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரே மண்டபத்தில் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கஷ்டத்தை நாம் மதிக்க வேண்டும். ஆனால் வகுப்பு ஆளில்லாமல் கிடந்தால் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. லயத்திலே நின்று சத்தம் போட்டுப் பயனில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வந்து, அதிபரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அந்தச் சங்கத்தில் பெற்றோருக்கும் இடம் இருக்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? "நமக்கே படிக்கத் தெரியாது, நாம எப்படிச் சொல்லிக் குடுக்கிறது" என்று கேட்பீர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். இரவில் சோறு பொங்குகிற நேரத்திலே, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்ன செஞ்சீங்க? வாசி பாப்போம்" என்று உட்கார வையுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். தட்டித் தடுமாறினால் நாளைக்கு டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் டி.வி.யும் போனும் ஓயட்டும். பயறு புடைக்கும்போது பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். புத்தகப் பையை இரவே கட்டி வையுங்கள். காலையில் வெறும் பிளேன்டீயோடு அனுப்பாமல் ஒரு துண்டு ரொட்டியாவது கொடுங்கள். பிள்ளை சுகமில்லாமல் நின்றால், அன்றைக்கு அந்தியிலேயே பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்க வையுங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து நாள் வேலையையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டாலும், எந்த நாளிலே பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. இது தாயின் வேலை என்று ஒதுங்காதீர்கள். அப்பா கொப்பியைக் கேட்கிறார் என்றால் பிள்ளைக்கு வருகிற உற்சாகமே வேறு.

கொழுந்து எடுக்கிறவர்களுக்கு நாங்கள் உவமை சொல்ல வேண்டியதில்லை. ஏழெட்டு நாளைக்கு ஒரு தடவை மலை திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கொழுந்து முத்திப்போகும். முத்தின இலையைக் கூடையில் போட்டால் கங்காணி வாங்க மாட்டார். ஆறு வயதிலே படிக்க வேண்டியதைப் பன்னிரண்டு வயதிலே படிப்பதும் அந்த மாதிரித்தான். முடியாது என்றில்லை. ஆனால் பிள்ளை வெட்கப்படும், பின்வாங்கும், கடைசியில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லும்.

அடுத்த மாதத்திலிருந்து, ஒரு நாளும் நிற்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்று லயத்துக்கு லயம் எழுதிப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டப் போகிறோம். பேர் போட மாட்டோம், எண்ணிக்கை மட்டும்தான். யாரையும் வெட்கப்படுத்துவதற்காக அல்ல. நம் லயத்தின் எண்ணிக்கை ஏற வேண்டுமென்று நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காக.

வருகிற திங்கட்கிழமை காலையில் பிரட்டுக்குப் போகிற நேரத்திலே, உங்கள் பிள்ளையும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கட்டும். செவ்வாயும் இறங்கட்டும். ஐந்து நாளும் இறங்கட்டும்.